நிக்கல் இருந்தா விண்கல்லா? – பழைய கெரிஸ்களின் பிறப்புச் சான்றிதழ் பற்றி

"மஜபாஹித் காலம். 14ஆம் நூற்றாண்டு. விண்கல் இரும்பு."

பழைய இந்தோனேசியக் கெரிஸ் எங்கே விற்பனைக்கு வந்தாலும் இந்த மூணு வரியும் அல்லது அதுக்குப் பக்கத்துல ஏதாவது ஒண்ணும் கூடவே வந்துடும். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மூணும் மூணு வேற வேற கேள்விக்கான பதில்கள். எந்த ஊர், எந்தக் காலம், என்ன உலோகம். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஆதாரம் வேணும். நடைமுறையில் என்ன ஆகுதுன்னா, ஒண்ணு இன்னொண்ணுக்குச் சாட்சி சொல்லுது. விண்கல் இரும்பு இருக்கு, அதனால பழசு. பழசு, அதனால மஜபாஹித். மஜபாஹித் கத்தின்னா விண்கல் இல்லாம இருக்குமா? எங்க தொழில்ல இதுக்கு சர்குலர் டிபென்டென்சின்னு பேர். கம்பைலரே ஏத்துக்காது.

ரெண்டு மூணு வருஷமா ராத்திரி நேரத்துல கெரிஸ் பத்திக் கிடைச்சதையெல்லாம் படிச்சுட்டு இருக்கேன். நான் படிச்சது பி.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ். உலோகவியல் படிச்சவன் ஹாஸ்டல் ரூம்மேட், அவ்வளவுதான் சம்பந்தம். ஆனா இந்தப் பதிவுல நான் பேசப்போறது உலோகவியலை விட, எந்த ஆதாரம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்கிறதைப் பத்தி. அதுக்கு லாக் ஃபைல் படிச்சுப் பழகின கண்ணு போதும்னு நினைக்கிறேன்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக. கெரிஸ் என்பது ஜாவாவில் உருவாகி, பாலி, மதுரா தீவு (நம்ம மதுரை இல்ல), சுமத்ரா, சுலவேசி, மலாய் தீபகற்பம், தெற்குத் தாய்லாந்தின் பட்டானி வரைக்கும் பரவிய குத்துவாள். அடிப்பகுதி ஒரு பக்கமா அகன்று, சமச்சீர் இல்லாம இருக்கும். அலகு நேராவும் இருக்கலாம், பாம்பு மாதிரி நெளிஞ்சும் இருக்கலாம். அந்த நெளிவுக்கு 'லுக்'னு பேர், எண்ணிக்கை எப்பவும் ஒற்றைப்படை. அடியில தனித்துண்டா ஒரு இரும்புப் பட்டை பொருத்தியிருப்பாங்க. அதை மலாயில் எழுதினா நம்ம கண்ணுக்கு 'கஞ்சா' மாதிரியே தெரியும், ஜாவாக்காரங்க 'கொஞ்ஜோ'ன்னு சொல்றாங்க. செய்யற கொல்லருக்கு 'எம்பு'ன்னு மரியாதையான பேர். 2005இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் வாய்மொழி, தொட்டறிய முடியாத மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

அலகின் மேல மழைத்துளி மாதிரி, சிந்தின அரிசி மாதிரி, தர்ப்பூசணித் தோல் மாதிரி வெள்ளி நிறக் கோலங்கள் தெரியும். அதுதான் பாமோர். சிந்தின அரிசின்னு சொன்னது என் கற்பனை இல்ல, 'பெராஸ் வுத்தா'ங்கிற பாமோரோட பெயருக்கு அதுதான் அர்த்தம். நம்மூர் வூட்ஸ் எஃகின் கோலத்தோட இதைக் குழப்பிக்கக் கூடாது. வூட்ஸில் கோலம் உருக்கி ஆறவைக்கும்போது எஃகுக்குள்ளேயே உருவாகுது. கெரிஸில் ரெண்டு வகை இரும்பை அடுக்கி, மடித்து, அடித்து ஒட்டவைக்கிறாங்க. நடுவுல எஃகு, ரெண்டு பக்கமும் இந்த அடுக்குகள். கிட்டத்தட்ட பரோட்டா மாவு மாதிரி. அப்புறம் எலுமிச்சைச் சாறில் பாஷாணம் கலந்து கழுவுவாங்க. சாதாரண இரும்பு அடுக்கு கறுத்துப் போகும், நிக்கல் உள்ள அடுக்கு கறுக்காம பளபளக்கும். கோலம் மேல வந்து நிக்கும்.

சரி, இந்த நிக்கல் எங்கிருந்து வந்தது?

விண்கல் கதைக்கு ஒரு நிஜமான அடிப்படை இருக்கு. மத்திய ஜாவாவில் பிரம்பானன் கோயில்கள் பக்கத்தில் ஒரு இரும்பு விண்கல் கிடைச்சது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைச் சுரகார்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோனாங்க. அரண்மனைக் கொல்லர்கள் அதிலிருந்து துண்டெடுத்து பாமோர் செஞ்சாங்க. மிச்சம் இருக்கற துண்டு மரியாதைக்குரிய பட்டப்பெயரோட இன்னும் அங்கேயே இருக்கு. யோக்யகார்த்தாவில் மருத்துவரா இருந்த ஐசக் குரோனமன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல இதைப் பத்தி விரிவாவே எழுதியிருக்கார். ஆக, விண்கல் கெரிஸ்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆனா தேதியைப் பாருங்க. மஜபாஹித் அரசு 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துலயே முடிஞ்சு போச்சு. பிரம்பானன் இரும்பு அரண்மனைக்குள்ள நுழைஞ்சது அதுக்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேல கழிச்சு. "மஜபாஹித் கெரிஸ், பிரம்பானன் விண்கல்"ன்னு ஒரே மூச்சில் சொல்றவங்க ரெண்டுல ஒண்ணை விட்டுத்தான் ஆகணும்.

பாமோர் மட்டும் அதைவிட ரொம்பப் பழசு. செங் ஹேவின் கப்பல் படையோட 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல ஜாவா போன மா ஹுவான், அங்கே சின்னப் பையன்ல இருந்து கிழவர் வரைக்கும் ஆண்கள் எல்லாரும் இடுப்பில் கத்தி வெச்சிருக்கறதையும், அந்தக் கத்திகள்ல கோலம் தெரியறதையும் எழுதி வெச்சிருக்கார். அதாவது பிரம்பானன் கல் காட்சிக்கு வர்றதுக்கு முன்னூற்றைம்பது வருஷம் முன்னாலேயே கோலமிட்ட இரும்பு ஜாவாவில் ஊர் முழுக்க இருந்திருக்கு. அத்தனை இடுப்புக்கும் சப்ளை பண்ண எத்தனை விண்கல் விழுந்திருக்கணும்?

இந்தக் கேள்வியைச் சரியான இடத்துல பிடிச்சவர் பெனட் பிரான்சன். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்துல இருந்தவர். 1987இல் உலோகவியல் வரலாற்று இதழ் ஒண்ணுல, கெரிஸில் இருக்கும் நிக்கல் மண்ணிலிருந்து வந்ததா, விண்ணிலிருந்து வந்ததான்னு நேரடியாவே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலான கெரிஸ்களுக்கு விண்கல் தேவையே இல்லை, சுலவேசியின் லூவு பகுதி இரும்புத் தாதிலேயே நிக்கல் இருக்கு என்பது அவர் வாதம். ஜாவாக்காரங்களே 'பாமோர் லூவு'ன்னு அந்த இரும்பைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. ஊர்ப்பேர் சரக்கிலேயே ஒட்டியிருக்கு, நாமதான் வானத்தைப் பார்த்துட்டு இருக்கோம்! லூவு ஜாவாவுக்குப் புது இடமும் இல்ல. 1365இல் எழுதப்பட்ட நாகரகிருதாகமம் மஜபாஹித்தின் செல்வாக்குக்குட்பட்ட இடங்கள்னு அடுக்கும் பட்டியல்ல அந்தப் பேர் இருக்கு. லூவு இரும்பு கிடைத்த மதானோ ஏரிப் பக்கம் சொரோவாகோன்னு ஒரு ஊர். இன்னிக்கு உலகத்தின் பெரிய நிக்கல் சுரங்கங்கள்ல ஒண்ணு அங்கேதான் ஓடுது. இதைவிடத் தெளிவான ஒரு துப்பு எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல வேற இல்ல.

பிரான்சன் கட்டுரையைப் படிச்சதும் எனக்கு வந்த மகிழ்ச்சியோட சேர்ந்து ஒரு சங்கடமும் வந்தது. அவர் சொல்றது ஒட்டுமொத்தமான வாதம். இத்தனை கத்திகளுக்கு எந்த மூலம் நியாயமா இருக்கும்கிற கேள்விக்கான பதில். உங்க மேசை மேல இருக்கற ஒரு கத்தியைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. ஆனா இப்போ விண்கல் கட்சிக்கு எதிர்க்கட்சி ஒண்ணு கிளம்பி, "பிரான்சன் சொல்லிட்டார், எல்லாமே லூவுதான்"னு இதே கட்டுரையைத் தூக்கிக் காட்டுது. அதுவும் தப்பு. சராசரி கம்மியா இருக்குன்னா ஒவ்வொரு தனி எண்ணும் கம்மின்னு அர்த்தமில்லையே.

அப்போ அந்த ஒரு கத்திக்கு என்ன வழி? "ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம்." எக்ஸ்-ரே ஒளிர்வுக் கருவி இப்போ கையில பிடிக்கற துப்பாக்கி மாதிரி வந்துடுச்சு. அடகுக்கடையில நகையை உரசாம தங்கம் எத்தனை கேரட்னு பார்க்கற அதே கருவிதான். கத்தி மேல வெச்சா அரை நிமிஷத்துல நிக்கல் இத்தனை சதவீதம்னு எண் வந்துடும். எண்ணைப் பார்த்ததும் எல்லாரும் வாயை மூடிக்கறாங்க. எனக்குத்தான் அந்த எண் மேல கொஞ்சமும் நம்பிக்கை வரமாட்டேங்குது.

ஏன்னு சொல்றேன். கருவி ஒரு தடவை பார்க்கற வட்டம் சில மில்லிமீட்டர் அகலம். பாமோர் அடுக்குகள் அதைவிட மெல்லிசு. அதனால வர்ற எண் நிக்கல் அடுக்கோட எண் கிடையாது, நிக்கல் அடுக்கும் சாதாரண இரும்பும் எந்த விகிதத்துல அந்த வட்டத்துக்குள்ள மாட்டுச்சோ அந்தக் கலவையோட எண். கருவியை அரை சென்டிமீட்டர் நகர்த்தினா எண் மாறும். மேலும் அது மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். இந்த மேல்தோல் பல தலைமுறையா எலுமிச்சையிலும் பாஷாணத்திலும் குளிச்சது. ஆர்சனிக் நிறைய இருக்கேன்னு ஆச்சரியப்பட்டு, அது தாதுலேயே இருந்த ஆர்சனிக்னு முடிவு கட்டறவங்களும் இருக்காங்க. போன வருஷம் கழுவினதோட எச்சமா அது இருக்கலாம்.

சரி, அடுக்கை மட்டும் துல்லியமா அளந்துட்டோம்னு வெச்சுக்குவோம். இரும்பு விண்கற்கள்ல பொதுவா 5 சதவீதமும் அதுக்கு மேலயும் நிக்கல் இருக்கும். அளந்தது 2 சதவீதம்னா விண்கல் இல்லையா? இருக்கலாம். கொல்லர் விண்கல் துண்டைச் சாதாரண இரும்போட சேர்த்து அடிச்சு நீர்த்துப் போக வெச்சிருக்கலாம். அளந்தது ரொம்ப அதிகம்னா விண்கல்லா? அப்பவும் சந்தேகம்தான். ஆலையில செஞ்ச நிக்கல் புழக்கத்துக்கு வந்ததுக்கு அப்புறம் கொல்லர்கள் அதையே பாமோரா பயன்படுத்தறாங்க, இன்னிக்கும் புதுக் கெரிஸ்கள்ல அதுதான். ஆக, எண் கம்மின்னாலும் முடிவு இல்ல, அதிகம்னாலும் முடிவு இல்ல. விண்கல்லை வெட்டி அமிலம் விட்டா தெரியும் அந்தப் பிரபலமான குறுக்குக்கோட்டுக் கோலத்தைத் தேடலாமேன்னு கேப்பீங்க. சிவக்கக் காய்ச்சி மடிச்சு மடிச்சு அடிச்சதுல அது எப்பவோ அழிஞ்சிருக்கும். உருப்படியான சோதனைன்னா ஜெர்மானியம், காலியம், இரிடியம் மாதிரி ரொம்பக் கொஞ்சமா இருக்கற தனிமங்களை அளக்கணும். குறிப்பா இரிடியம் பூமியின் மேலோட்டில் அபூர்வம், இரும்பு விண்கற்கள்ல அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆனா அதுக்கு அலகிலிருந்து மாதிரி எடுக்கணும். குடும்பத்துல வழிபடற கத்தியைச் சுரண்ட யார் கொடுப்பாங்க?

இதுல உச்சகட்டம் டைட்டானியம் கதை. பழைய கெரிஸ்ல டைட்டானியம் கண்டுபிடிச்சிருக்காங்க, டைட்டானியம் விண்கலம் செய்யற உலோகம், அதனால இது விண்வெளியிலிருந்து வந்தது, முன்னோர்களுக்கு அப்பவே தெரியும்! இந்தோனேசியாவுல கெரிஸ் பத்தின ஜனரஞ்சக எழுத்துல இது சுத்திட்டே இருக்கு. நம்ம வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தவங்களுக்கு இந்தக் குரல் ரொம்பப் பரிச்சயமா இருக்கும். உண்மை நேர் எதிர். இரும்பு விண்கல்லின் உலோகத்துல டைட்டானியம் கிட்டத்தட்ட கிடையாது. டைட்டானியம் நிறைய இருக்கறது ஜாவாவின் தென்கரையில, சிலாசாப், கூலோன் ப்ரோகோ பக்கத்துக் கடற்கரைக் கருமணல்ல. பழைய மண் உலைகளின் சூட்டுக்கு டைட்டானியம் ஆக்சைடு உலோகமா மாறாது, கசடுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அந்தக் கசடுத் துணுக்குகள் அடிச்ச இரும்புக்குள்ளயும் கொஞ்சம் மாட்டிக்கும். அதனால கசடுல டைட்டானியம் கிடைச்சா அது இந்தக் கருமணல் மாதிரியான உள்ளூர்த் தாதை நோக்கிக் கை காட்டற சாட்சி. வானத்துச் சாட்சியா இதை வரவழைச்சவங்க, எதிர்க்கட்சிச் சாட்சியைத் தாங்களே கூண்டுல ஏத்தியிருக்காங்க.

உலோகம் போதும், வயசுக்கு வருவோம்.

ஜாவாவில் கத்தியின் காலத்தைக் கணிக்கறதுக்கு 'தாங்குஹ்'னு ஒரு முறை இருக்கு. அந்தச் சொல்லுக்கே கணிப்பு, அனுமானம்னுதான் பொருள். இரும்பின் நிறம், கையில் எடை, கொஞ்ஜோவின் வளைவு, அடியில் கட்டைவிரல் பதியற பள்ளத்தின் அளவு, நுனி எப்படி முடியுதுன்னு பார்த்து, இது பஜாஜாரன், இது மஜபாஹித், இது சுல்தான் அகுங் கால மத்தாராம், இது கார்த்தசூரான்னு சொல்வாங்க. மேற்கத்திய விமர்சகர்கள் சிலர் இதை ஜோசியம் மாதிரி ஒதுக்கறாங்க. எனக்கு அது நியாயமா படல. ஆயிரக்கணக்கான கத்திகளைத் தொட்டுப் பார்த்த கை அது. சிற்பத்தைப் பார்த்ததும் இது சோழர், இது விஜயநகரம்னு சொல்ற ஸ்தபதியோட கண்ணும் அப்படித்தானே.

பிரச்சினை வேற இடத்துல. நம்ம ஸ்தபதிக்குக் கல்வெட்டோட தேதி தெரிஞ்ச கோயில்கள் இருக்கு, சந்தேகம் வந்தா அங்கே போய் ஒப்பிட்டுக்கலாம். கெரிஸில் தேதி பொறிக்கற வழக்கம் அபூர்வம். தாங்குஹ் கணிப்பை எதோட ஒப்பிட்டுச் சரிபார்க்கறது? இன்னொருத்தரோட தாங்குஹ் கணிப்போட. மேலும் பழைய புகழ்பெற்ற கத்தியைப் பார்த்து அதே மாதிரி புதுசு செய்யறது ஜாவாவில் மதிப்பான மரபு. அதை ஏமாத்துன்னு அவங்க நினைக்கல, 'புத்ரன்'னு பேர் வெச்சிருக்காங்க. அப்பாவுக்குப் பிள்ளை மாதிரி. மூக்கும் முழியும் அப்பா மாதிரியே இருக்கற பிள்ளையைப் பார்த்து அப்பாவோட வயசைச் சொல்லிட முடியுமா?

அடுத்த தப்பு, தேய்மானத்தை வயசுன்னு படிக்கறது. ஜாவாவில் சூரோ மாசத்துல கெரிஸைக் கழுவற வழக்கம் இருக்கு. ஒவ்வொரு கழுவலும் கொஞ்சம் இரும்பைத் தின்னும். ரெண்டு முனையும் கரைஞ்சு, ஓரம் ரம்பம் மாதிரி ஆன கத்திகளைப் பார்த்து "எவ்வளவு பழசு!"ன்னு வியக்கறாங்க. பாலியில் அலகை வழவழப்பா மெருகேத்தி வெச்சுக்கறது வழக்கம். அதனால அங்கே இருந்த பழைய அலகு தடிமனா, நேத்து செஞ்ச மாதிரி இருக்கும். ஒரே பட்டறையில ஒரே நாளில் செஞ்ச ரெண்டு கத்தியில ஒண்ணு ஜாவாவிலேயே தங்கி, ஒண்ணு பாலிக்குப் போயிருந்தா, இன்னிக்கு ஒண்ணு தாத்தாவாவும் ஒண்ணு பேரனாவும் தெரியும். கழுவறதுக்குப் பதிலா ஒரு ராத்திரி அமிலத்துல ஊறப்போட்டாலும் தாத்தா தயார்.

இதனால்தான் ஐரோப்பிய அரச சேகரிப்புகளில் இருக்கும் ஒரு கைப்பிடி கெரிஸ்கள் எனக்குப் பெரிய பொக்கிஷமா தெரியுது. டிரெஸ்டன், கோபன்ஹேகன் மாதிரி இடங்கள்ல 17ஆம் நூற்றாண்டுப் பொருள் பட்டியல்களிலேயே பதிவாகி, அப்புறம் அலமாரியை விட்டு நகராத கத்திகள் இருக்கு. அதுக்கப்புறம் யாரும் அதை வருஷா வருஷம் கழுவல. புது உறை மாத்தல. பட்டியல் எழுதின தேதிக்கு முன்னால செஞ்சதுங்கறது மட்டும் உறுதி. எப்போ செஞ்சதுன்னு தெரியாட்டியும், எப்போவுக்கு அப்புறம் இல்லைன்னு தெரியும். தாங்குஹ் நிபுணர்களையும் இந்த அலமாரிகளையும் ஒண்ணா உட்காரவெச்சு, பேர் மறைச்சு, கணிப்பு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்த்தா அது எத்தனை அருமையான சோதனையா இருக்கும்!

தேதி பொறிச்ச கத்தியே இல்லையான்னா, ஒரு பிரபலமானது இருக்கு. ஆம்ஸ்டர்டாம் டிரோபன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட 'க்னாடின் கெரிஸ்'. 19ஆம் நூற்றாண்டில் பாக்கு ஆலம் அரசர் க்னாட் என்ற டச்சுக்காரருக்குக் கொடுத்தது. அலகின் மேல ராமாயணக் காட்சிகளோட மெல்லிய செப்புத் தகடு போர்த்தியிருக்கு, சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342ன்னு குறிப்பும் இருக்கு. ஆனா அது போர்த்தின ஆண்டா, உள்ளே இருக்கற இரும்பின் ஆண்டா? அலகு இன்னும் பழசா இருக்கலாம்னு நினைக்கறவங்க இருக்காங்க. தேதி இருந்தும் எந்தப் பொருளின் தேதிங்கற கேள்வி போகல.

ஊர் விஷயம் கொஞ்சம் சுலபம், அதனாலேயே ஏமாத்தும். பிடியையும் உறையையும் பார்த்தா ஊர் பெரும்பாலும் தெரிஞ்சுடும். மீன்கொத்தி மூக்கு மாதிரி நீண்ட பிடின்னா பட்டானிப் பக்கம். துப்பாக்கிப் பிடி மாதிரி வளைஞ்சா புகிஸ். குளிர்ல குன்னிக்கிட்டு உட்கார்ந்த மனுஷன் மாதிரி இருந்தா மலாய், சுமத்ரா. அதுக்கு அவங்க வெச்ச பேரே 'காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன்'. ஆனா இதெல்லாம் சட்டையின் ஊர், ஆளோட ஊர் இல்ல. அலகு வியாபாரத்துல, சீதனத்துல, போர்க்கொள்ளையில தீவு தீவா போயிருக்கு, போன இடத்துல புதுச் சட்டை போட்டுக்கிட்டிருக்கு. ஜாவா அலகு புகிஸ் உறையில இருக்கறது சாதாரணம். விற்பனைக் குறிப்பு மட்டும் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஊர், ஒரே நூற்றாண்டு எழுதும். பிடி தந்தம்னு இருந்தா அதையும் விசாரிக்கணும். யானைத் தந்தத்தைக் குறுக்கா வெட்டின இடத்துல பின்னல் மாதிரி கோடுகள் தெரியும், திமிங்கலப் பல்லில் அது இருக்காது. யானையின் கடைவாய்ப் பல்லில் செஞ்ச பிடியும் உண்டு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச குழப்பம் 'மஜபாஹித் கெரிஸ்'னே பேர் வாங்கின ஒரு வகை. சின்னது, பிடியும் அலகும் ஒரே இரும்புத் துண்டு, பிடியில ஒரு குட்டி மனுஷ உருவம். ஜாவாவில் இதுக்குப் பேர் 'கெரிஸ் சாஜென்'. சாஜென்னா படையல். ஊர்ச் சடங்குகள்ல படைக்கறதுக்காகச் செஞ்சது, எல்லாக் காலத்துலயும் செஞ்சிருக்காங்க. மஜபாஹித் என்ற பேரைச் சேகரிப்பாளர்கள் ஒட்டினாங்க, 1936இல் ஜெரால்டு கார்ட்னர் மலாய் ஆயுதங்கள் பத்தி எழுதின மாதிரியான புத்தகங்கள் வழியா அது நிலைச்சுப் போச்சு. (பின்னாளில் இங்கிலாந்தில் நவீன சூனியக்கார மதத்தைத் தொடங்கிவெச்சாரே, அதே கார்ட்னர்தான். மலாயாவில் அரசு அதிகாரியா இருந்தவர்.) ஒரு பேர் எப்படிக் காலமா மாறிடுது பாருங்க.

இவ்வளவும் சேகரிப்பாளர்களோட பொழுதுபோக்குச் சண்டைன்னு தோணலாம். 2020இல் அது ஒரு நாட்டின் விஷயமா மாறுச்சு.

1825 முதல் 1830 வரை டச்சுக்காரர்களை எதிர்த்து ஜாவாப் போரை நடத்தியவர் இளவரசர் திபோநெகோரோ. 1830 மார்ச்சில் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் அவரைக் கைது செஞ்சாங்க. அவரோட 'கியாய் நோகோ சிலுமான்' என்ற கெரிஸ், அவரோட பேசப் போன கர்னல் கிளீரன்ஸ் வழியா ஹாலந்துக்குப் போய், 1831இல் அரசரின் அரும்பொருள் சேகரிப்பில் சேர்ந்தது. 1883இல் அந்தச் சேகரிப்பைக் கலைச்சு லைடன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினப்போ, எந்தக் கத்தி இளவரசருடையது என்ற தகவல் பொருளிலிருந்து பிரிஞ்சு போச்சு. டேட்டாபேஸ் மைக்ரேஷன்ல ஃபாரின் கீ தொலைஞ்ச மாதிரி. பதிவு ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம்.

கண்டுபிடிக்க உதவியது எக்ஸ்-ரே இல்ல, காகிதம். 1831 ஜனவரிக் கடிதப் போக்குவரத்து. திபோநெகோரோவின் தளபதி சென்டோட், இளவரசர் அந்தக் கெரிஸைக் கிளீரன்ஸிடம் கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன சாட்சியம். அதோட, அப்போ ஹாலந்தில் இருந்த ஓவியர் ராடென் சாலே அந்தக் கத்தியின் பேரையும் தோற்றத்தையும் விளக்கி எழுதின குறிப்பு. பின்னாளில் திபோநெகோரோ கைதான காட்சியை வரைஞ்சவரும் அவர்தான். லைடனில் இருந்த கத்திகளை இந்த விவரிப்போட ஒப்பிட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தாங்க. யோக்யகார்த்தா காஜா மாடா பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஸ்ரீ மார்கானா போய்ச் சரிபார்த்தார். 2020 மார்ச்சில் கத்தி இந்தோனேசியா திரும்பியது.

உடனே சண்டை. நாக சிலுமான் என்பது வடிவங்களின் பட்டியலில் இருக்கற ஒரு பேர். அந்த வடிவத்துல நாகத்தின் தலை மட்டும் இருக்கணும், உடல் தெரியக் கூடாது, சிலுமான்னா கண்ணுக்குத் தெரியாததுன்னு பொருள். திரும்பி வந்த கத்தியில நாகத்தின் உடல் அலகு நெடுக ஓடுது. அப்போ இது வேற கத்தின்னு கெரிஸ் ஆர்வலர்கள் பலர் சொன்னாங்க. கோபத்துல நியாயம் இருக்கு. இருநூறு வருஷம் கழிச்சுத் திரும்பி வர்ற ஒரே பொருள் தப்பான பொருளா இருந்துடுமோங்கற பயம் அது. ஆனா வாதம் நிக்கலன்னு நான் நினைக்கறேன். 'கியாய்'னு தொடங்கற பேர் ஒரு தனிக் கத்திக்கு மரியாதைக்காக வைக்கற பேர். வடிவத்தின் பேர் வேற. நம்மூர்ல கருப்பசாமின்னு பேர் வெச்சவங்க எல்லாம் கருப்பாவா இருக்காங்க? மேலும் வடிவப் பட்டியல்கள் ஜாவா அரண்மனைகளில் ஒழுங்குபடுத்தப்பட்டு, பிற்காலத்தில் அச்சேறி இறுகினவை. இன்னிக்குப் புத்தகத்துல இருக்கற இலக்கணத்தை 1830க்கு முன்னால இருந்த பேர் வழக்கத்து மேல சுமத்த முடியாது.

அதே சமயம் டச்சுத் தரப்பு ஆய்விலும் சங்கிலியின் ரெண்டு பகுதிக்கு ஒரே பலம் இல்ல. ஒரு கெரிஸ் திபோநெகோரோவிடமிருந்து அரசரின் சேகரிப்புக்குப் போனது என்பதுக்குக் காகிதம் உறுதியான சாட்சி. அந்தக் கெரிஸ் இதுதான் என்பதுக்கு இருக்கறது விவரிப்போட ஒப்பீடு. ரெண்டாவது முதலாவதை விட மெலிசு, அவ்வளவுதான். செய்தி வெளியீடுகள் ரெண்டையும் ஒரே உறுதியோட சொன்னதுதான் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. இதே கத்தியை ஆய்வகத்துல வெச்சு இரிடியம் வரைக்கும் அளந்திருந்தாலும் அது யார் இடுப்பில் இருந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்காது.

2023இல் நெதர்லாந்து மேலும் 478 பொருட்களைத் திருப்பித் தர முடிவு செஞ்சது. 1894 லொம்போக் கொள்ளைப் பொருட்கள், சிங்கசாரிச் சிலைகள், கூடவே பாலியின் க்ளுங்குங்கிலிருந்து போன ஒரு கெரிஸ். இந்த வரிசை தொடரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை எழுதித்தான் கண்ணாடிக்குள்ள வைப்பாங்க. என்னை எழுதச் சொன்னா, ஒரு சாதாரணக் கத்திக்கு இப்படி எழுதுவேன்:

அலகு: ஜாவா பாணி, 11 லுக். கொஞ்ஜோவின் வடிவத்தை வைத்து 17ஆம் நூற்றாண்டு என்று ஒரு நிபுணர் கணித்தது. பிற்காலப் பிரதியாகவும் இருக்கலாம். பாமோர்: நிக்கல் உள்ள இரும்பு, மூலம் சோதிக்கப்படவில்லை. பிடி, உறை: புகிஸ் பாணி, அலகை விடப் புதியவை. பிடி திமிங்கலப் பல். யாரிடம் இருந்தது: 1894க்கு முன் பதிவு இல்லை.